பலூச் தொழுகை விரிப்பில் மிஹ்ராப் ஏன் சதுரமாக இருக்கிறது?

பள்ளிவாசலுக்குள் போயிருப்பவர்களுக்குத் தெரியும், முன்சுவரில் ஒரு மாடம் இருக்கும். மக்கா இருக்கும் திசையான கிப்லாவைக் காட்டும் அந்த மாடத்துக்குப் பெயர் மிஹ்ராப். உமையா கலீஃபா முதலாம் வலீத் காலத்தில், கி.பி. 707-க்கும் 709-க்கும் இடையில் மதீனாவின் நபி பள்ளிவாசலைப் பெரிதாக்கிக் கட்டியபோதுதான் உட்குழிந்த மிஹ்ராப் முதன்முதலில் வந்தது என்பார்கள். அதன்பின் அது பள்ளிவாசல் கட்டடக் கலையில் நிலைத்துவிட்டது. பிறகு தொழுகை விரிப்புகளிலும் ஏறிக்கொண்டது.

ஈரானிய நகரங்களில் நெய்த விரிப்புகளில் இந்த மிஹ்ராப் அழகாக வளைந்து நிற்கும். துருக்கிக் கிராமத்து விரிப்புகளில் கூரை முகடு மாதிரி கூம்பி நிற்கும். பலூச் விரிப்பில் இந்த இரண்டும் இல்லை. நீள்சதுரமான நடுப்பகுதியின் தலைமாட்டில் இன்னொரு சின்னச் சதுரம் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அகன்ற தோள்களுக்கு மேல் ஒரு கட்டைத் தலை.

முதல் தடவை பார்ப்பவருக்கு, நெய்தவருக்கு வளைவு போட வரவில்லையோ என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். சதுரத் தலை, இருண்ட நிறங்கள், கைக்கடக்கமான அளவு, கருத்த ஓரம் என்று இந்த விரிப்பில் எதை எடுத்தாலும் அதற்கான காரணம் ஆட்டிலோ, தறியிலோ, தொழுபவரின் உடம்பிலோ இருக்கிறது. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால் மங்கலாகத் தெரிந்த ஒரு கம்பளம் பேசத் தொடங்கிவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. நெசவு பற்றி எதுவும் தெரியாதவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எங்கே, யார் நெய்தது

பலூச்சிஸ்தான் என்றதும் தமிழ் வாசகர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பிராகுயி மொழிதான். திராவிட மொழி ஒன்று அவ்வளவு தூரத்தில் பேசப்படுவதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். பிராகுயி பேசும் மக்கள் அதிகம் வாழும் அந்தப் பாகிஸ்தான் மாகாணத்திலிருந்துதான் பலூச் கம்பளங்களும் வருகின்றன என்று நினைப்பது இயல்பு. ஆனால் அப்படி இல்லை. நாம் பேசப்போகும் முடிச்சுக் கம்பளங்களில் பெரும்பாலானவை அதற்கு வெகு வடக்கே நெய்யப்பட்டவை. ஈரானின் வடகிழக்கில் உள்ள கொராசான், ஈரானும் ஆப்கானிஸ்தானும் பகிர்ந்துகொள்ளும் சிஸ்தான், மேற்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத், ஃபரா, நிம்ரூஸ் பகுதிகள் ஆகியவைதான் இவற்றின் தாயகம். தெற்கே வாழும் பலூச்சிப் பெண்களின் கைத்திறன் பூத்தையலிலும் முடிச்சு போடாத தட்டை நெசவிலும்தான் அதிகம் வெளிப்பட்டது.

கொராசானுக்குப் பலூச்சிகள் எப்படி வந்தார்கள்? 18-ஆம் நூற்றாண்டில் ஈரானிய மன்னர் நாதிர் ஷாவின் காலத்தில் (ஆட்சி 1736 முதல் 1747 வரை) பல குழுக்கள் வடக்கே குடியேற்றப்பட்டன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அங்கே ஏற்கெனவே குர்துகள், துர்க்மேன்கள், அரபுக் குழுக்கள், தைமூரிகள், தைமானிகள் எல்லாம் ஆடு மேய்த்துக்கொண்டும் நெய்துகொண்டும் இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் இருந்தவர்களின் வடிவங்கள் ஒன்றோடொன்று கலந்தன. இவர்கள் எல்லோரும் நெய்ததை மஷாத், ஹெராத் சந்தைகளில் வாங்கிய வியாபாரிகள், இருண்ட நிறத்தில் மிருதுவாக இருந்த எல்லாவற்றுக்கும் ‘பலூச்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே பலூச் விரிப்பு என்றால் அதை நெய்தவர் பலூச்சியாகவே இருக்க வேண்டும் என்றில்லை. அதை ஒரு வட்டாரத்தின் பாணியாக எடுத்துக்கொள்வதே சரி.

இன்று கைக்குக் கிடைக்கும் பழைய விரிப்புகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்தவை. இவை மண்ணில் விரித்து மிதித்துப் பயன்படுத்திய பொருள்கள். அதைவிடப் பழையவை மிஞ்சுவது அரிது.

உடம்புக்கு ஏற்ற அளவு

தொழுகைக்கு விரிப்பு கட்டாயம் என்று இஸ்லாத்தில் இல்லை. இடம் சுத்தமாக இருந்தால் போதும். ஆனால் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகிறவருக்கு, புழுதியும் புழுக்கையும் நிறைந்த நிலத்தில் ஐந்து வேளையும் சுத்தமான ஓர் இடம் வேண்டுமே. அந்த இடத்தைச் சுருட்டிக் கூடவே எடுத்துப் போக விரிப்பு உதவியது.

தொழுகையில் தரையில் நெற்றி வைத்து வணங்கும் நிலையான சஜ்தாவில் நெற்றி, இரண்டு உள்ளங்கைகள், இரண்டு முழங்கால்கள், இரண்டு பாதங்களின் விரல்கள் என ஏழு உறுப்புகள் தரையில் பட வேண்டும். இந்த ஏழுக்கும் இடம் கொடுக்கும் அளவுதான் விரிப்பின் அளவு. அகலம் சுமார் 80 முதல் 90 சென்டிமீட்டர், நீளம் 130 முதல் 150 சென்டிமீட்டர். ஓர் ஆள் நிற்க, குனிய, மண்டியிட, நெற்றி வைக்க இது போதும். சதுரத் தலை நெற்றி படும் பக்கம் இருக்கும். அந்தத் தலைக்கு இருபுறமும் தோள்களுக்கு மேலே இரண்டு கட்டங்கள் மிஞ்சுகின்றன அல்லவா? பல விரிப்புகளில் அந்தக் கட்டங்களில் கை உருவம் நெய்திருப்பார்கள். கிடைக்கோட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து விரல்கள் மாதிரி நேராக எழும் ஐந்து கோடுகள். சிலவற்றில் கைக்குப் பதில் சின்னச் செடியோ பூவோ இருக்கும்.

ஐந்து விரல்கள் எதைக் குறிக்கின்றன என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. இஸ்லாத்தின் ஐந்து கடமைகள் என்பார்கள் சிலர். நபியின் மகள் ஃபாத்திமாவின் கை என்பார்கள் சிலர். இந்த வட்டாரத்துப் பலூச்சிகள் பெரும்பாலும் சுன்னிகள். அவர்களைச் சுற்றியிருந்த ஈரானியர்கள் பெரும்பாலும் ஷியாக்கள். இரண்டு பக்கத்து நினைவுகளும் கலந்திருக்க இடமுண்டு. என்னைக் கேட்டால், கை வைக்கும் இடம் என்ற நேரான பொருளையே முதலில் எடுத்துக்கொள்வேன். குறியீட்டு விளக்கங்களில் பல, விரிப்பு சந்தைக்கு வந்தபின் விற்பவர்களும் சேகரிப்பவர்களும் ஏற்றியவை.

ஆடும் சாயமும்

கொராசானிலும் சிஸ்தானிலும் மேய்வது வால் பகுதியில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் செம்மறி இனம். ஈரானில் ‘பலூச்சி’ என்ற பெயரிலேயே ஒரு செம்மறி இனம் உண்டு. அதன் ரோமம் கம்பளத்துக்கு ஏற்றது. நீளமானது, உறுதியானது, இயற்கையான எண்ணெய்ப்பசை உள்ளது. நல்ல பலூச் விரிப்பை வெயிலில் விரித்துப் பார்த்தால் பட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியும். இந்த ரோமத்தின் பளபளப்புதான் அது. சில விரிப்புகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக உண்மையான பட்டு முடிச்சுகளும் இருக்கும். ஆனால் மொத்த மினுக்கமும் வருவது ஆட்டிடமிருந்துதான்.

வெட்டிய ரோமத்தைக் கழுவி, சீவி, தக்ளியில் நூற்பார்கள். மந்தையோடு நடக்கும்போதும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் நூற்கலாம் என்பதால் இது நாள் முழுக்க நடக்கும் வேலை. கையில் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். தடித்த இடமும் மெலிந்த இடமும் சாயத்தை வேறுவேறு அளவில் குடிக்கின்றன. ஒரு பானைச் சாயம் தீர்ந்து அடுத்த பானை போடும்போது நிறமும் கொஞ்சம் மாறும். அதனால் ஒரே நீலப் பரப்பில் பட்டை பட்டையாக ஏற்ற இறக்கம் தெரியும். கம்பளக்காரர்கள் இதை அப்ரஷ் என்பார்கள். குறை சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. ஒரே சீரான ஆலைச் சாயத்தில் ஒருநாளும் வராத உயிர் இதில் இருக்கிறது.

சிவப்புக்கு மஞ்சிட்டி வகைச் செடியின் வேர். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டிக்கு இது நெருங்கிய உறவு. ஈரானில் இதை ரூனாஸ் என்பார்கள். ரோமத்தைப் படிகாரம் கலந்த நீரில் முதலில் ஊற வைத்தால்தான் சாயம் பிடிக்கும். நீலத்துக்கு அவுரி. அவுரி வெறும் தண்ணீரில் கரையாது. அதைக் காரம் சேர்த்துப் புளிக்க வைத்த தொட்டியில் முக்க வேண்டும். நூல் வெளியே வரும்போது மஞ்சள் பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். பல முறை முக்கினால் கறுப்புக்கு அருகில் போகும் ஆழ்ந்த நீலம் கிடைக்கும். பலூச் நீலம் அந்த ரகம். அவுரித் தொட்டியைப் பராமரிக்கத் தனிப் பக்குவம் வேண்டும் என்பதால் பல இடங்களில் இதை நகரத்துச் சாயக்காரர்களிடம் கொடுத்து முடித்துக்கொள்வார்கள். பழுப்புக்கு அக்ரூட் காயின் பச்சைத் தோலும் மாதுளைத் தோலும்.

அடர் பழுப்பும் கறுப்பும் வர, துவர்ப்புள்ள சாயத்தோடு இரும்பைச் சேர்ப்பார்கள். இந்த இரும்பு நாளடைவில் ரோமத்தை அரிக்கும். எழுபது எண்பது வருடம் கழித்து அந்த விரிப்பைத் தடவினால் கறுப்புக் கோடுகள் எல்லாம் பள்ளமாகவும், சிவப்பும் நீலமும் மேடாகவும் விரலுக்குத் தட்டுப்படும். செதுக்கு வேலை செய்தது போல இருக்கும். அது யாரும் திட்டமிட்டுச் செய்தது இல்லை, காலம் செய்தது. பழைய பலூச் விரிப்புகளை விரும்புகிறவர்களுக்கு இந்த மேடு பள்ளம் ரொம்பப் பிடிக்கும்.

இப்படி ஆழ்ந்த சிவப்பு, ஆழ்ந்த நீலம், கருப்பழுப்பு மூன்றும் சேர்ந்ததுதான் அந்த இருண்ட முகம். நடுவில் வெள்ளையை மிகச் சிக்கனமாக வைப்பார்கள். ஒரு பூவின் நடுப்புள்ளி, ஒரு மெல்லிய கோடு, அவ்வளவே. சுற்றிலும் இருட்டு இருப்பதால் அந்தப் புள்ளிகள் எரியும். கடையின் குழல் விளக்கில் பார்த்துவிட்டு இந்த விரிப்புகளை ‘மங்கல்’ என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இவை வெயிலுக்காக நெய்யப்பட்டவை.

தொழுகை விரிப்புகளில் மட்டும் ஒரு விதிவிலக்கு அடிக்கடி வரும். நடுப்பகுதி ஒட்டக நிறத்தில், வெளிர் மணல் பழுப்பாக இருக்கும். உண்மையான ஒட்டக ரோமம் பயன்படுத்தியவை உண்டு. ஆனால் ஒட்டக ரோமம் என்று சொல்லி விற்கப்படுவதில் நிறைய, சாயமேற்றாத பழுப்பு ஆட்டு ரோமமோ அக்ரூட் தோலில் சாயமிட்டதோதான். சாப்பாட்டுக்கு விரிக்கும் சோஃப்ரேயிலும் இதே நிறம் வரும். உணவு, தொழுகை இரண்டுக்கும் சாயம் படாத இயற்கை நிறத்தை விரும்பினார்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

தறி, முடிச்சு, சதுரம்

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருவோம். அதற்குத் தறியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நாடோடிகளின் தறி தரையோடு படுத்திருக்கும். நிலத்தில் நான்கு முளைகள், இரண்டு கனமான கட்டைகள், அவற்றுக்கு இடையே இழுத்துக் கட்டிய பாவு நூல்கள். பாவைப் பிரித்துக் கொடுக்க விழுதுக் கட்டை ஒன்று. இதற்கு மேல் பெரிய சாதனம் எதுவும் இல்லை. நெய்யும் பெண் ஏற்கெனவே நெய்து முடித்த பகுதியின் மேலேயே உட்கார்ந்து முன்னேறிப் போவாள். மேய்ச்சல் இடம் மாறும்போது முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததைக் கட்டையோடு சுருட்டி, ஒட்டகத்திலோ கழுதையிலோ ஏற்றிவிடுவார்கள். புது இடத்தில் மறுபடி முளை அடித்து இழுத்துக் கட்டும்போது பாவின் இறுக்கம் முன்பிருந்த மாதிரியே இருக்காது. விரிப்பின் அகலம் ஓரிடத்தில் சற்றே ஒடுங்கியோ விரிந்தோ இருந்தால் அதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். குடியமர்ந்த ஊர்களில் செங்குத்துத் தறி வந்துவிட்டது.

கட்டையின் நீளமும் கை எட்டும் தூரமும் சேர்ந்து அகலத்தைக் கட்டுப்படுத்துகின்றன. ஒரு மீட்டருக்கு உட்பட்ட தொழுகை விரிப்பு இந்தத் தறிக்குப் பொருத்தமான பண்டம்.

முடிச்சு என்கிறோம், உண்மையில் அது ஒரு சுற்றுதான். சாய நூலை எடுத்து ஒரு பாவிழையை முழுதாகச் சுற்றி, அடுத்த இழைக்குப் பின்னால் மட்டும் நுழைத்து முன்னே கொண்டுவந்து, கத்தியால் அறுத்துவிடுவார்கள். இது பாரசீக முடிச்சு எனப்படும் சமச்சீரற்ற முடிச்சு. இரண்டு இழைகளையும் ஒரே மாதிரி சுற்றுவது துருக்கி முடிச்சு. பலூச் விரிப்புகளில் பாரசீக முடிச்சே பெரும்பான்மை. ஒரு வரிசை முடிந்ததும் பாவுக்குக் குறுக்கே போகும் ஊடை நூலைப் பெரும்பாலும் இரண்டு முறை ஓட்டி, கனமான சீப்பால் அடித்து இறுக்குவார்கள். முடிச்சை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துவது இந்த ஊடைதான். சில வரிசைகளுக்கு ஒருமுறை கத்தரிக்கோலால் மேற்பரப்பைச் சமமாக்குவார்கள். பாவும் ஊடையும்கூடக் கம்பளியே. நகரத்துக் கம்பளங்களில் இவை பருத்தியாக இருக்கும், அதனால் அவை விறைப்பாக நிற்கும். முழுக்க முழுக்கக் கம்பளியான பலூச் விரிப்பு துணி மாதிரி மடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அங்குலத்தில் குறுக்கே 9 முடிச்சு, நெடுக்கே 9 வரிசை என்று வைத்துக்கொள்வோம். பலூச் விரிப்புகளில் இது சாதாரணமான அடர்த்தி. 85 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வரிசையில் ஏறக்குறைய 300 முடிச்சு. 140 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 500 வரிசை. மொத்தம் சுமார் 1,50,000 முடிச்சு. நாளொன்றுக்கு 3,000 முடிச்சு போட்டால் 50 முழு நாள் வேலை. சமையல், தண்ணீர், பால், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில்தான் நெய்வார்கள் என்பதால் சில மாதங்கள் ஆகும். ஆண்கள் ரோமம் வெட்டுவார்கள், சந்தைக்குக் கொண்டுபோவார்கள். நெசவு பெண்களுடையது. சிறுமிகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றார்கள்.

ஒவ்வொரு முடிச்சும் ஒரு சின்னக் கட்டம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கட்டங்களை மட்டுமே நிரப்பி ஒரு வட்டம் வரையச் சொன்னால் என்ன ஆகும்? கட்டம் பெரிதாக இருந்தால் வட்டம் படிக்கட்டாகிவிடும், கட்டம் பொடியாக இருந்தால் மட்டுமே வளைவு வளைவாகத் தெரியும். ஈரானிய நகரங்களான இஸ்ஃபஹான், நயீன் பட்டறைகளில் சதுர அங்குலத்துக்குப் பல நூறு முடிச்சுகள் போடுவதால் அங்கே கொடி சுழன்று ஓடுகிறது. அதோடு அங்கே ஓவியர் கட்டத்தாளில் தீட்டிக் கொடுத்த மாதிரிப் படம் முன்னால் இருக்கும். பலூச் பெண்ணிடம் தாள் இல்லை. வடிவம் அவள் நினைவில் இருக்கும், இல்லையென்றால் வீட்டில் இருக்கும் பழைய விரிப்பைப் பார்த்துப் போடுவாள். எண்ணி எண்ணித்தான் நெய்ய வேண்டும்.

எண்ணி நெய்பவருக்கு மூன்று பாதைகள் சுலபம். படுக்கைக் கோடு, நிற்கும் கோடு, அப்புறம் வரிசைக்கு ஒரு முடிச்சு தள்ளிக்கொண்டே போனால் வரும் சாய்கோடு. துருக்கிக் கிராமத்துப் பெண்கள் மிஹ்ராபுக்குச் சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள், அதனால் அது முகடாகக் கூம்பியது. பலூச் பெண்கள் படுக்கையையும் நிற்பதையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதனால் சதுரமானது. ஆக, முடிச்சின் பருமன் வளைவைத் தடுத்தது என்பது பாதி விளக்கம்தான். மீதிப் பாதி அவர்களுடைய தேர்வு.

அந்தத் தேர்வால் கிடைத்த வசதிகளையும் பாருங்கள். தலை சதுரமானால் இரண்டு பக்கமும் மிஞ்சும் இடங்களும் சதுரமாகின்றன, கை உருவத்துக்கு ஒழுங்கான கட்டம் கிடைக்கிறது. உள்கரைப் பட்டை ஒரே அகலத்தில் தோளிலும் தலையிலும் மடங்கிப் போக முடிகிறது. எத்தனை வரிசைக்குப் பிறகு தோள், எத்தனை முடிச்சு உள்ளே தள்ளித் தலை என்று இரண்டு எண்களை நினைவில் வைத்தால் மிஹ்ராப் முடிந்தது. சாய்கோட்டை அவர்கள் விட்டுவிடவும் இல்லை. அதை மரத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

நடுவில் ஒரு மரம்

களம் எனப்படும் ஒட்டக நிற நடுப்பகுதியின் அடியிலிருந்து ஒரு தண்டு நேராக எழுந்து சதுரத் தலைக்குள் நுழையும். இரு பக்கமும் கிளைகள் சாய்ந்தோ மடிந்தோ பிரியும். ஒவ்வொரு கிளையிலும் பல் பல்லாக ஓரம் வெட்டிய பெரிய இலை. இலைக்குள் இன்னொரு நிறத்தில் சின்ன இலை. சில விரிப்புகளில் இடது கிளையும் வலது கிளையும் அச்சாகப் பொருந்தும். சிலவற்றில் ஒரு பக்கம் இலை பெரிதாகி, இடம் போதாமல் கடைசி இலை பாதியில் நிற்கும். இரண்டாவது ரகம்தான் எனக்குப் பிடித்தது. நெய்தவர் எந்த வரிசையில் கணக்கைச் சரிசெய்யத் தொடங்கினார் என்பது வரை அதில் தெரியும்.

எல்லாத் தொழுகை விரிப்பிலும் மரம் இருப்பதில்லை. கொக்கி கொக்கியான வைரக் கட்டங்கள் களத்தை நிரப்புவதும் உண்டு. ஆப்கான் பக்கத்தில் தொழுகை விரிப்புக்குப் பெயர்போன முஷ்வானி, தோக்தர்-இ-காஸி என்ற வகைகள் உள்ளன. இவற்றில் நிறம் இன்னும் இருளும். பள்ளிவாசலின் குவிமாடமும் மினாராவும் போட்ட விரிப்புகளும் பின்னாளில் வந்தன.

தொழும் இடத்தில் உயிருள்ளவற்றின் உருவம் வேண்டாம் என்ற எண்ணம் இந்த விரிப்புகளில் நன்றாகவே தெரியும். அதே பெண்கள் நெய்த பைகளில் பறவைகளும் விலங்குகளும் வரும். தொழுகை விரிப்பில் இலையும் பூவும் கையுமே அதிகம்.

சுற்றியுள்ள கரைகளை மேலோட்டமாகச் சொன்னால் போதும். நடுவில் ஓர் அகலக் கரை, அதற்கு உள்ளும் புறமும் காவலுக்கு நிற்கும் மெல்லிய கரைகள். அகலக் கரையில் மடிந்து மடிந்து ஓடும் கொடியோ வரிசையான எண்கோணங்களோ இருக்கும். துர்க்மேன் அக்கம்பக்கத்தின் சாயல் அதிகம் தெரிவது இங்கேதான்.

திருப்பிப் பார்த்தால்

அனுபவமுள்ளவர்கள் கம்பளத்தை முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள். பின்பக்கம் முடிச்சுகள் சின்னச் சின்ன மணிகளாக வரிசையில் நிற்கும். ஓர் அங்குல அளவை வைத்து எண்ணலாம். முடிச்சுகளுக்கு இடையே பழுப்பு ஊடை தெரிகிறதா, பாவு வெண்மையான கம்பளியா என்பதும் அங்கேதான் தெரியும். இயந்திரத்தில் செய்த விரிப்பின் பின்பக்கம் சந்தேகமே இல்லாமல் ஒரே சீராக இருக்கும்.

அடுத்தது ஓரங்கள். இரண்டு நீளப் பக்கங்களிலும் தடித்த பாவிழைகள் சிலவற்றை வெள்ளாட்டு மயிரால் தட்டையாகச் சுற்றிப் பின்னியிருப்பார்கள். கறுப்பாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். செம்மறி ரோமத்தைவிட இது முரடு, தேய்மானம் தாங்கும். பலூச் விரிப்பை அடையாளம் காண இது நல்ல குறி.

தலைமாட்டிலும் கால்மாட்டிலும் முடிச்சு தொடங்குவதற்கு முன் ஒரு சாண் வரைகூடத் தட்டை நெசவு ஓடும். முடிச்சுகள் கழன்றுவிடாமல் காக்கத்தான் அந்தப் பட்டை. ஆனால் அதை வெறுமனே விட மனசு வராமல் வண்ணக் கோடுகளும் ஊடையாலேயே போட்ட சித்திர வேலையும் சேர்த்திருப்பார்கள். மிதிபடும் ஓரம், யாரும் உற்றுப் பார்க்காத இடம். பழைய விரிப்புகளில் முதலில் கிழிந்து போவதும் இதுவே. அது முழுசாக இருக்கும் விரிப்பைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

இன்னொன்று. முடிச்சு போடும்போது நூலைக் கீழ்ப்பக்கமாக இழுத்து அறுப்பதால், இழைகள் எல்லாம் நெசவு தொடங்கிய பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கும். கால்மாட்டிலிருந்து நெய்யத் தொடங்கிய விரிப்பில் கால்மாட்டில் நிற்பவரை நோக்கி இழைநுனிகள் பார்க்கும். அங்கிருந்து நிறம் ஆழமாகத் தெரியும். எதிர்ப்பக்கம் போய் நின்றால் அதே விரிப்பு வெளிறி, மினுங்கும். தொழுபவருக்குத் தெரிவது ஆழமான முகம்.

பிறகு வந்தவை

1856-இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மலிவான சாயப் பொடிகள் ஈரான் சந்தைகளுக்கு வந்துவிட்டன. வெளுத்தும் ஓடியும் கம்பளங்களின் பெயரைக் கெடுத்ததால் அப்போது ஈரானை ஆண்ட கஜார் அரசு அவற்றுக்குத் தடை போட்டுப் பார்த்தது, முழுதாகப் பலிக்கவில்லை. கூச்சலிடும் ஆரஞ்சு, ஊதா நிறங்கள் பலூச் விரிப்புகளிலும் நுழைந்தன. பிறகு ஈரானில் ரேஸா ஷா ஆட்சியில் (1925 முதல் 1941 வரை) நாடோடிகளைக் கட்டாயமாகக் குடியமர்த்தியபோது மந்தையோடும் மேய்ச்சலோடும் பிணைந்த நெசவு வாழ்க்கை குலைந்தது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் வந்தபின் பலூச் நெசவாளர்கள் சிலர் பூக்கள் இருந்த இடத்தில் டாங்கியையும் ஹெலிகாப்டரையும் கலாஷ்னிகோவையும் நெய்யத் தொடங்கினார்கள். போர்க் கம்பளங்கள் என்று உலகம் அவற்றைத் தனியாகப் பேசுகிறது. தொழுகை விரிப்பின் நேர்க்கோட்டு மொழி அதற்கும் ஈடுகொடுத்தது.

வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு இரண்டொரு சோதனைகள். ஈரப்படுத்திய வெள்ளைத் துணியால் சிவப்புப் பகுதியை மெல்லத் தேயுங்கள், துணியில் நிறம் ஒட்டினால் சாயம் சரியில்லை. இழைகளைப் பிரித்து அடி நிறத்தையும் நுனி நிறத்தையும் ஒப்பிடுங்கள். அடியில் பளீரென்று ஆரஞ்சும் மேலே வெளிறிய பழுப்பும் இருந்தால், வெயிலில் நிற்காத சாயம், அல்லது பழசாகக் காட்ட ரசாயனத்தில் கழுவியிருக்கிறார்கள். கறுப்புப் பகுதி பள்ளமாக இருப்பதை மட்டும் பார்த்துப் பழசு என்று நம்பிவிட வேண்டாம். கத்தரிக்கோலாலும் அந்தப் பள்ளத்தை உண்டாக்கலாம்.

வாங்கியபின் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். இருட்டில் அசையாமல் கிடக்கும் கம்பளியைத்தான் அந்துப்பூச்சி தேடும். மாதம் ஒருமுறையாவது விரித்துக் காற்றாட விடுங்கள். தட்டை நெசவுப் பட்டை தேய்ந்து முதல் வரிசை முடிச்சு வெளியே தெரியத் தொடங்கினால் தள்ளிப்போடாமல் கம்பளி நூலால் ஓரம் கட்டித் தைத்துவிட வேண்டும். அந்த வரிசை கழன்றால் அடுத்த வரிசையைப் பிடித்து நிறுத்த அங்கே வேறு எதுவும் கிடையாது.